நாரத்தைத் தேறல்

உமையாளை வாதத்தில் ஜெயித்தவர்கள் குறைவு. ஜெயித்தவர்களும் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, நிஜமாகவே ஜெயித்தோமா என்று சந்தேகப்பட்டார்கள்.

தர்க்கம் சொல்லிக்கொடுக்கும் தகப்பனுக்குப் பிறந்தவள். அவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டே வளர்ந்தாள். ஒருநாள் மாணவன் ஒருவன் பதில் தெரியாமல் விழிக்க, கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. பதில் சரியாக இருந்ததுதான் தொல்லை.

"பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் தகப்பன்.

"எதற்கு என்று கேட்பதுதானே அப்பா தர்க்கம்?" என்றாள்.

அதற்குமேல் அந்த வீட்டில் அவளுக்குச் சோறு இருந்தது, பேச்சு இல்லை. பேச்சைத் தேடிக்கொண்டு கிளம்பியவள் மலையடிவாரத்தில் தையலம்மையின் மருந்துக் குடிலில் வந்து நின்றாள். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயதுதான். ஆனாலும் தையலம்மை குரு, உமையாள் சிஷ்யை. தையலம்மை கேள்விக்குக் கோபப்படாதவள். உமையாளுக்கு அது போதுமாயிருந்தது.

குடிலின் பின்கட்டில் காய்ச்சி வடிக்கும் வாலை ஒன்று இருந்தது. பெரிய பானை, அதன்மேல் செம்புக் கவிகை, கவிகையிலிருந்து நீண்டு இறங்கும் குழாய். புளித்த இலுப்பைப்பூவை அதிலிட்டுக் காய்ச்சினால் குழாயின் நுனியில் சாராயம் சொட்டும். அந்தச் சாராயத்தில்தான் வேர்களை ஊறப்போடுவார்கள்.

"மருந்துக் குடிலில் சாராயமா?" என்று வந்த அன்றே கேட்டாள் உமையாள்.

"தண்ணீரில் போட்ட வேர் நாலு நாளில் அழுகும். எண்ணெயில் போட்டால் நாலு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். இதில் போட்டால் வேர் செத்தாலும் அதன் குணம் சாகாது. முதன்முதலில் வடித்தவர் குடிப்பதற்காக வடிக்கவில்லை, உமை. வேரின் உயிரைப் பிடித்துவைக்க வடித்தார்."

"பிறகு எப்படி அது குடி ஆயிற்று?"

"யாருக்கோ நோய் தீர்ந்துபோனது. மருந்து தீரவில்லை."

உமையாள் சிரித்தாள். இங்கேயே இருந்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

அந்தக் குடிலில் பேர்போனது நோவு மருந்து. பிரசவ வலிக்கும், முறிந்த எலும்பை இழுத்துக் கட்டும்போதும் கொடுப்பது. குடித்தவர்களுக்கு வலி எங்கோ அடுத்த தெருவில் நடப்பதுபோல இருக்கும். அதை எடுத்துப்போகும்போது தையலம்மை இரண்டு குடுவைகள் எடுத்துப்போவாள். ஒன்றில் வேர் ஊறிய சாராயம். வேம்பை இனிப்பு என்று சொல்லவைக்கும் கசப்பு. மற்றொன்றில் பனங்கற்கண்டுப் பாகு. படுக்கையருகே போய் உட்கார்ந்த பிறகு, முதலில் கசப்பில் ஒரு சொட்டை எடுத்து நோயாளியின் நாக்கில் வைப்பாள். முகம் கோணும். உடம்பு ஒருதரம் சிலிர்க்கும்.

"இதுதான். வேண்டுமா?" என்று கேட்பாள்.

வேண்டும் என்று தலை அசைந்தால் மட்டுமே இரண்டையும் கலப்பாள்.

உமையாளுக்கு இது பிடிக்கவே இல்லை. ஒரு பிரசவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் ஆரம்பித்தாள்.

"வலியில் துடிக்கிறவளிடம் போய் இது என்ன சோதனை? பேசாமல் இனிப்பைக் கலந்தே கொண்டுவந்து ஊற்றினால் என்ன?"

"என்ன குடிக்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிந்து? குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். குழந்தையைக் கேட்டுவிட்டா கொடுக்கிறோம்?"

"அவள் குழந்தை இல்லையே."

"வலி வந்தால் எல்லாரும் குழந்தைதான். அவள் நல்லதுக்குத்தானே கொடுக்கிறோம்? நல்லது என்று நமக்குத் தெரியும்போது, கசப்பைக் காட்டிப் பயமுறுத்துவது என்ன தர்மம்? இதற்குப் பதில் சொல்லுங்கள்."

தையலம்மை கொஞ்ச தூரம் நடந்தாள்.

"பதில் தெரியவில்லை."

"அப்படியானால் நான் ஜெயித்தேன்."

"ஆமாம். ஜெயித்தாய்."

"இனி ஒரே குடுவைதானே?"

"செய்துபார்."

உமையாள் செய்தாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கசப்பையும் பாகையும் வெறுமனே கலந்தால் அடிநாக்கில் கசப்பு தங்கியது. நாரத்தைத் தோலை வெள்ளைச் சதை நீக்கிச் சீவிப் போட்டாள். ஏலம் தட்டிப் போட்டாள். ஜாடியின் வாயைத் துணியால் கட்டித் தவிட்டுக் குவியலுக்குள் புதைத்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தொடாமல் இருந்தாள். திறந்தபோது குடில் முழுக்க மணத்தது. வடிகட்டியதும் விளக்கெண்ணெய்த் தீபம்போல மஞ்சளாக, தெளிவாக இருந்தது. நாரத்தைத் தேறல் என்று பேர் வைத்தாள்.

தையலம்மை ஒரு மிடறு குடித்தாள்.

"கசப்பு எங்கே?"

"உள்ளேதான் இருக்கிறது."

"தெரியவில்லையே."

"அதுதானே என் கைவரிசை!"

தையலம்மை கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

முதலில் பிரசவங்களுக்குப் போயிற்று. இப்போதெல்லாம் யாரும் கூடப் போகத் தேவையில்லை. ஆள் அனுப்பினால் ஜாடி போதும். பிறகு பிரசவம் இல்லாத வீடுகளுக்கும் போயிற்று. பாட்டுக்காரர்கள் தொண்டைக்கு நல்லது என்றார்கள். அவர்களுக்காகச் சுக்குப் போட்டு ஒன்று செய்தாள். வெயில் காலத்துக்கு வெட்டிவேர்த் தேறல், கல்யாணங்களுக்கு ரோசாப்பூத் தேறல். விருந்து முடிந்து ஒரு சின்னக் கிண்ணம் குடித்தால் தின்றது செரிக்கும் என்றார்கள். சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் அதற்கும் அதுவே மருந்து என்றார் ஒரு பெண்ணைப் பெற்றவர். "இரண்டாவது கிண்ணத்தில் சம்பந்தி அம்மாள் என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள்!"

உமையாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தையலம்மையும் சிரித்தாள்.

அந்த வருஷம் பாளையக்காரரின் மூத்த மகன் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து செத்தான். அவன் மனைவி செங்கமலத்துக்குக் கல்யாணத்துக்குக் கட்டிய தோரணம் காய்ந்த வாடைகூட இன்னும் போகவில்லை. அவளைப் புருஷனோடு சிதையில் ஏற்றுவது என்று அரண்மனையில் முடிவாயிற்று. அவள் ஏறமாட்டேன் என்று அலறினாள். அறைக்குள் பூட்டிவைத்தார்கள். பூட்டின அறையிலிருந்து வந்த சத்தம் கடைத்தெருவரைக்கும் கேட்டது. பிணத்தைத் தைலத்தில் போட்டுவிட்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேதி மலையடிவாரத்துக்கு வந்தபோது உமையாள் இடித்துக்கொண்டிருந்த உலக்கையைக் கீழே போட்டாள்.

"நான் போகிறேன். எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்கிறேன்."

"கேள்" என்றாள் தையலம்மை.

"வெறுங்கையோடு அரண்மனைக்குப் போகக் கூடாதாம். தேறல் ஒரு ஜாடி எடுத்துப்போகட்டுமா?"

"எடுத்துப்போவதானால் குடுவை இரண்டாக எடுத்துப் போ. இங்கே பழையது இருக்கிறது."

"சபைக்குக் கசப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறீர்களா? நல்ல மரியாதை!"

மணக்கும் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

சபையில் பேசுவதற்குப் பண்டிதர் சோமநாதர் உட்கார்ந்திருந்தார். மெல்லிய குரல், மெல்லிய விரல்கள். உமையாளைப் பார்த்ததும் எழுந்து நின்று வணங்கினார். அந்த வணக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"பூட்டிவைத்து, கையைக் கட்டி, தீயில் தள்ளுவதற்குப் பேர் என்ன?" என்று ஆரம்பித்தாள். "அது தர்மமானால் கசாப்புக்காரன் அல்லவா பெரிய தர்மவான்? ஆட்டையும் அப்படித்தானே இழுத்துப்போகிறான்?"

சபையில் யாரோ சிரித்தார்கள். பாளையக்காரர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பத்தினி தானாக ஏறினால் புண்ணியம் என்கிறீர்கள். தானாக என்ற சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? ஒரு பெண், கொஞ்சம் விறகு. அதற்குப் பேர் கொலை. அந்தக் கொலையாலா செத்துப்போன புருஷன் கரையேறுவான்? செய்தவன் குலம்தான் தழைக்குமா?"

அவள் பேசப் பேச, உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த அழுகைச் சத்தம் மெள்ள அடங்கியது. கதவுக்குப் பின்னால் நின்று யாரோ கேட்பதுபோல. உமையாளுக்குக் கதவுகள் தெரியும். இன்னும் உரக்கப் பேசினாள்.

சோமநாதர் கடைசியில் கையைத் தூக்கினார். "ஒப்புக்கொள்கிறேன். விருப்பமில்லாதவளை ஏற்றுவது பாவம். ஒரே ஒரு கேள்வி. ஒருத்தி தானே மனமுவந்து, சிரித்த முகத்தோடு ஏறினால், அம்மணி தடுப்பீர்களா?"

உமையாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். தடுப்பேன் என்றால் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் போச்சு. விருப்பமே நியாயம் என்று நிறுத்தியாயிற்று. இப்போது மாற்றினால் மடக்கிவிடுவார்.

"தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவள் அப்படி ஏறமாட்டாள்."

"ஏறாவிட்டால் ஏற்ற வேண்டாம்" என்றார் சோமநாதர். "தோற்றேன்."

பாளையக்காரர் தீர்ப்புச் சொன்னார். விருப்பமில்லாமல் பெண்ணைத் தொடக் கூடாது. சபை ஆரவாரித்தது. உமையாளுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். அவள் கொண்டுவந்த ஜாடியைத் திறந்து ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றினார்கள். சோமநாதர் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மூக்கருகே வைத்து மோந்தபடி இருந்தார்.

"அற்புதம். குடித்ததாகவே தெரியவில்லை. ஆனால் கால் என்னுடையது இல்லைபோல இருக்கிறதே! இது எதற்கு அம்மணி?"

"நோவு மருந்து. வலி தெரியாமல் இருக்க. உள்ளே எவ்வளவு கசப்பு இருக்கிறது தெரியுமா?"

"துளிகூடத் தெரியவில்லை" என்றார் அவர்.

"அதுதானே என் கைவரிசை!"

ஜாடியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. மரியாதைக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துப்போவது வழக்கமில்லை. வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சத்திரத்தில் தங்கினாள். மறுநாள் காலையில் ஊர் எல்லையைத் தாண்டும்போது பின்னால் மேளச் சத்தம் கேட்டது. முதலில் திருவிழா என்று நினைத்தாள். பிறகு சால்வையை வழியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஆற்றங்கரையில் ஊரே நின்றது. செங்கமலம் கூந்தல் நிறையப் பூவோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் தாதிகள் தாங்கியிருந்தார்கள். யாரும் அவளைக் கட்டவில்லை. இழுக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் விழுந்து விழுந்து கும்பிட்டது.

உமையாள் இடித்துப் புகுந்து அவள் முன்னால் போய் நின்றாள். பெண்ணின் மூச்சில் நாரத்தை மணத்தது.

"செங்கமலம்! எங்கே போகிறாய் என்று தெரிகிறதா? என்னைப் பார்!"

பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"எனக்காகப் பேசின அக்காதானே? நேற்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன்." முகம் மலர்ந்தது. "என்னை விட்டுவிட்டார்கள், அக்கா. வீட்டுக்குப் போகிறேன்."

"வீட்டுக்கில்லையடி!" என்று கத்தினாள் உமையாள். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததும் நெய் பூசியிருந்த அந்தக் கை வழுவழுவென்று நழுவியது. காவலர்கள் உமையாளைப் பிடித்துக்கொண்டார்கள்.

சோமநாதர் அருகில் வந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

"அம்மணி, சபையில் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறோம். தொட்டோமா? கட்டினோமா? சிரித்த முகமா இல்லையா, நீங்களே பாருங்கள். தடுக்க உரிமை இல்லை என்றது நீங்கள்தானே?"

உமையாள் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதற்குள் பதில் எதுவும் இல்லை.

மேளம் பலமாக எழுந்தது. நடுவில் ஒருதரம், மேளத்தையும் மீறி, யாரோ "அக்கா" என்று கூப்பிட்டதுபோல இருந்தது. அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

குடிலுக்குத் திரும்பியவள் நடந்ததைச் சொன்னாள். தையலம்மை கேட்டு முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கஞ்சி காய்ச்சி ஊட்டினாள்.

தவிட்டுக்குள் இருந்த ஜாடிகளையெல்லாம் உமையாள் வெளியே எடுத்து உடைத்தாள். பாகும் நாரத்தையும் மண்ணில் ஊறி, மழை பெய்கிறவரை அந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அதன்பிறகு நோவு மருந்துக்கு அழைப்பு வந்தால் அவளே போனாள். கையில் இரண்டு குடுவைகளோடு. "பழையபடி ஆரம்பித்துவிட்டார்களா!" என்று சனங்கள் முணுமுணுத்தார்கள்.

வருஷம் திரும்பியது. ஒரு முன்பகலில் பல்லக்கு ஒன்று குடில் வாசலில் இறங்கியது. சோமநாதர் வந்தார். இளைத்திருந்தார். கையில் வாய் கட்டிய வெள்ளிச் செம்பு.

"ஆற்றங்கரையில் கோயில் எழும்பியிருக்கிறது" என்றார். "தீப்பாய்ந்த அம்மன். நல்ல கூட்டம். கல்யாணமான பெண்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள், தங்களுக்கும் அப்படி ஒரு மனத்திடம் வரவேண்டுமென்று. வருஷாந்திரத்துக்கு அம்மனுக்கு உகந்த தேறலைப் படைக்க வேண்டும். செய்தவர் கையாலேயே வந்தால் விசேஷம்."

உமையாள் எழுந்தாள். தையலம்மை அவளைப் பார்த்தாள். வாதம் வரப்போகிறது என்று நினைத்திருப்பாள். உமையாள் உள்ளே போய் இரண்டு குடுவைகளை எடுத்துவந்து அவர் முன் வைத்தாள். கசப்பில் ஒரு சொட்டு எடுத்து நீட்டினாள்.

"முதலில் இது. வாங்க வந்தவர் நாக்கில்."

சோமநாதர் மரியாதைக்கு நாக்கை நீட்டினார். மறுகணம் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார். துப்பித் துப்பிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சே! இதையா அம்மனுக்கு?"

"இதைத்தான் அவளுக்குக் கொடுத்தீர்கள்."

அவர் அங்கவஸ்திரத்தால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது முகம் பழைய மென்மைக்குத் திரும்பியிருந்தது.

"பரவாயில்லை, அம்மணி. உங்களைச் சங்கடப்படுத்த வரவில்லை. பக்குவம் அரண்மனைச் சமையற்காரனுக்கே கைவந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பாளையங்களிலிருந்தும் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். உங்கள் பேரைச் சொல்லித்தான் கொடுக்கிறோம்." வெள்ளிச் செம்பை வைத்தார். "பிரசாதம்."

பல்லக்கு போய்விட்டது.

உமையாள் அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தையலம்மையிடம் கேட்டாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"ஒரு வருஷமாக அந்த வாதத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தவறினேன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? அன்றைக்கே என்னை ஏன் தடுக்கவில்லை? குடுவை இரண்டும் ஒன்றானபோதே ஏன் தடுக்கவில்லை?"

"அன்று நீ ஜெயித்தாய்."

"ஜெயித்தால்? நான் சொன்னது தப்பு என்று உங்களுக்குத் தெரிந்ததா இல்லையா?"

"நாக்குக்குத் தெரிந்தது. வாயில் வரவில்லை."

"இது ஒரு பதிலா? அங்கே ஒரு பெண் எரிந்துபோனாள்!"

தையலம்மை செம்பின் கட்டை அவிழ்த்தாள். குடில் முழுக்க நாரத்தையும் ஏலமும் மணத்தன. கிண்ணத்தில் ஊற்றி உமையாளிடம் நீட்டினாள்.

"குடி."

உமையாள் பின்வாங்கினாள். "இதையா? என்னால் முடியாது."

"எங்கே தவறினாய் என்று கேட்டாயே. குடி."

வாங்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கசப்புக்குக் காத்திருக்கிறவளைப்போல முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தாள். காத்திருந்தாள். மெல்ல மெல்ல, அவளை மீறி, கோணிய முகம் தானே நேரானது.

தையலம்மை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கசக்கிறதா?"

உமையாளின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பொய் சொல்ல அவளுக்கு எப்போதுமே வராது.

"இல்லை" என்றாள். "இனிக்கிறது. நான் செய்ததைவிட நன்றாக இருக்கிறது."

"அவளுக்கும் இனித்தது" என்றாள் தையலம்மை.